மவுஸைத் தொடாத கிளிக்: ஓசூரில் இருந்து ஒரு சின்ன வரலாறு

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் சாஃப்ட்வேர் பத்தினது. ஆனா நான் ஒரு பவர் பிரஸ்ல இருந்து ஆரம்பிக்கப் போறேன். ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க, காரணம் இருக்கு.

ஓசூர் சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்புக்குள்ள போனா, தகடு மேல டை இறங்கி இறங்கி ஏறுற சத்தம்தான் முதல்ல கேட்கும். மெஷினுக்கு முன்னாடி ரெண்டு பட்டன் இருக்கும், இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். ஒரு பட்டன் போதாதா? போதும். ஆனா ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா, எந்தக் கையும் டைக்குள்ள இருக்காது. அதாவது அந்த ரெண்டாவது பட்டன் மெஷினை ஓட்டுறதுக்கு வெச்சது இல்ல, விரலைக் காப்பாத்த வெச்சது.

அவசரம் இருக்கிற ஷாப்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிடுவாங்க. அப்புறம் ஒரு கையால ஓட்டலாம், வேகம் கூடும். ஒருநாள் விரலும் போகும்.

இந்த ரெண்டாவது பட்டனை ஞாபகம் வெச்சுக்கோங்க. நாம இன்னைக்குப் பேசப்போறது, திரையில இருக்கிற ஒரு ஜன்னலை, மனுஷன் கை படாம, கமாண்ட் லைன்ல இருந்து ஓட்டுறது பத்தி. ஒரு கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சா, இன்னொரு சாஃப்ட்வேரோட மெனு தானா திறக்கும், பட்டன் தானா அமுங்கும், பெட்டியில எழுத்து தானா விழும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தப்போ நான் கை தட்டினேன்.

அந்த முதல் தடவை 2018. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்தேன். அந்த வருஷம் ஏப்ரல் 1 அன்று, மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. பிப்ரவரி 1-லேயே தொடங்க வேண்டியது, முதல் நாளே தளம் தாங்காம தள்ளிப்போச்சு. மத்த ஊருக்கு இது ஒரு செய்தி. ஓசூருக்கு இது அன்றாடம். ஏன்னா எங்க கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் போனா கர்நாடகா. ஜூஜுவாடி, அத்திப்பள்ளி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் இருக்கிற கஸ்டமருக்கு ஒரு டெம்போ பார்ட்ஸ் அனுப்பினாலும் அது 'வெளிமாநில' சரக்கு.

எங்க ஆபீஸ்ல பில் போடுறதுக்கு ஒரு பழைய சாஃப்ட்வேர். எப்பவோ யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதினவரைக் கண்டுபிடிக்க முடியல. அதுல இருந்து தகவலை மொத்தமா வெளிய எடுக்க வழியே கிடையாது. ஒவ்வொரு இன்வாய்ஸா திறக்கணும், பிரின்ட் கொடுக்கணும், பிடிஎஃப்-க்குப் பேர் அடிக்கணும், சேவ் பண்ணணும், மூடணும். மாசக் கடைசியில இதை ஒரு அக்கா உட்கார்ந்து பண்ணுவாங்க. சூளகிரி பக்கத்துல இருந்து பஸ்ல வர்றவங்க. மாசக் கடைசி மூணு நாள் ராத்திரி ஒன்பது மணி ஆகும். "தம்பி, கம்ப்யூட்டர் வந்தா வேலை குறையும்னு சொன்னாங்க, இப்ப கம்ப்யூட்டருக்கு நான் வேலை பார்க்கிறேன்"ன்னு சிரிப்பாங்க.

அந்த வாக்கியத்துல ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதைப் பார்த்துட்டு மறுபடி அக்காகிட்ட வருவோம்.

1969-ல பெல் லேப்ஸ்ல யூனிக்ஸ் பிறந்தது. அங்கே டக் மெக்கில்ராய் என்பவர் ரொம்ப நாளா ஒரு யோசனை வெச்சிருந்தார். தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒண்ணோட ஒண்ணு மாட்டுற மாதிரி, ஒரு புரோகிராமோட வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்குள்ள விடணும் என்பது. 1964-லேயே அதைக் குறிப்பா எழுதி வெச்சார். 1973-ல கென் தாம்ஸன் அதை யூனிக்ஸ்ல சேர்த்தார். அதுதான் 'பைப்'. அதுக்கு அப்புறம் சின்னச் சின்ன புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு எழுத்து மூலமா பேசிக்க ஆரம்பிச்சது. பேசுறது மட்டும் இல்ல. ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். பூஜ்யம் வந்தா வேலை நல்லபடியா முடிஞ்சுது. வேற எண் வந்தா ஏதோ தப்பு. இந்தப் பதில் சொல்ற பழக்கத்தையும் மனசுல வெச்சுக்கோங்க.

அதே 1973-ல ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்துல ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் வந்தது. மவுஸ், ஜன்னல், படம். 1984-ல மெக்கின்டாஷ், 1985-ல விண்டோஸ் முதல் பதிப்பு. கட்டளைகளை மனப்பாடம் பண்ண வேண்டாம், பார்த்துத் தொடலாம். கம்ப்யூட்டர் எல்லாருக்கும் கிடைச்சதே இதனாலதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஒரு கதவு மூடிச்சு. புது சாஃப்ட்வேர்கள் மனுஷக் கண்ணுக்காகவும் மனுஷக் கைக்காகவும் கட்டப்பட்டன. இன்னொரு புரோகிராம் வந்து கதவைத் தட்டினா, திறக்க உள்ளே ஆள் இல்ல.

உடனே சிலர் சுவரை இடிக்க ஆரம்பிச்சாங்க. சிலர் நல்ல முறையில கதவு வெச்சாங்க. 1987-ல அமிகா கம்ப்யூட்டருக்கு ஏ-ரெக்ஸ் வந்தது. அதுல ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்குன்னு ஒரு 'போர்ட்' திறந்து வைக்கும், வெளியில இருந்து கட்டளை அனுப்பலாம். 1993-ல ஆப்பிள், ஆப்பிள்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. அதே 1993-ல எக்செலுக்குள்ள விஷுவல் பேசிக் வந்தது. உங்க ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் எழுதி வெச்சுட்டு வேலையை விட்டுப் போன அந்த 'மேக்ரோ ஷீட்' இருக்கே, அதோட பூர்வீகம் இதுதான்.

ஓசூர் டூல் ரூம் ஆட்களுக்குத் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு சொல்றேன். ஆட்டோகேட். 1982-ல வந்த நாள்ல இருந்து அதுக்குத் திரையோட அடியில ஒரு கமாண்ட் லைன் இருக்கு. படம் வரைகிற சாஃப்ட்வேர்தான், ஆனா எழுத்துக் கட்டளையைக் கைவிடவே இல்ல. கட்டளைகளை ஒரு ஃபைல்ல வரிசையா எழுதிக் கொடுத்தா ஒவ்வொண்ணா செய்யும். 1986-ல அதுக்குள்ளேயே ஆட்டோலிஸ்ப் என்ற மொழி வந்தது. 2013 பதிப்புல ஜன்னலே இல்லாத, கமாண்ட் லைன்ல மட்டும் ஓடுற ஒரு வடிவமும் வந்தது. நூறு டிராயிங்கை பிடிஎஃப் ஆக்கணும்னா, திரையில ஒண்ணுமே திறக்காம ஆக்கலாம். லிப்ரே ஆபீஸும் அப்படித்தான். 'ஹெட்லெஸ்'னு ஒரு சொல் சேர்த்தா, தலை தெரியாம பின்னாடி உட்கார்ந்து வேலையை முடிச்சிடும்.

இன்னொண்ணு நம்ம பக்கத்து ஊர்க் கதை. டாலி. 1986-ல பெங்களூருவில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கினது. அப்பா மில்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளும் மெஷின் பாகமும் சப்ளை பண்ணவர். தன் கணக்குக்கு ஏத்த சாஃப்ட்வேர் கிடைக்கலன்னு மகனையே எழுதச் சொன்னார். இன்னைக்கும் டாலி கத்துக்கிட்டவங்க விரல்ல எஃப்-5 பேமென்ட், எஃப்-8 சேல்ஸ்னு ஊறிப் போயிருக்கும், மவுஸ் தேவைப்படாது. ஆனா பல பேருக்குத் தெரியாத விஷயம், டாலிக்கு ஒரு பின்வாசலும் இருக்கு. வழக்கமா 9000-ங்கிற போர்ட்ல எக்ஸ்எம்எல் அனுப்பினா, அது வவுச்சரை வாங்கிக்கும். வாங்கிக்கிட்டு எத்தனை பதிவாச்சு, எத்தனை தப்பாச்சுன்னு பதிலும் சொல்லும்.

எங்க பில்லிங் சாஃப்ட்வேருக்கு இப்படி எந்த வாசலும் இல்ல. அப்ப என்ன வழி? சுவர் ஏறிக் குதிக்கிற வழி. மனுஷன் மாதிரி நடிக்கிறது.

இதுக்கும் தனி வரலாறு உண்டு. 1990-ல வந்த விண்டோஸ் 3.0-லேயே 'ரெக்கார்டர்'னு ஒண்ணு இருந்தது. நீங்க பண்ற கிளிக்கைப் பதிவு பண்ணி அப்படியே திரும்ப ஓட்டும். 1999-ல ஜொனாதன் பென்னட் ஆட்டோஇட் எழுதினார். 2003-ல கிறிஸ் மாலெட் ஆட்டோஹாட்கீ எழுதினார். லினக்ஸ் பக்கம் ஜோர்டன் சிசெல் எழுதின எக்ஸ்டூடூல். கமாண்ட் லைன்ல "இந்தப் பேர் கொண்ட ஜன்னலைத் தேடு, முன்னாடி கொண்டு வா, இந்த எழுத்தை அடி, என்டரை அமுக்கு"ன்னு சொன்னா செய்யும். எப்படிச் செய்யுது? லினக்ஸ்ல ரொம்ப காலமா திரையைப் பார்த்துக்கிட்ட எக்ஸ் விண்டோ சிஸ்டத்துக்கு, சோதனைக்காக ஒரு நீட்டிப்பு இருந்தது. அது மூலமா போலியா ஒரு கீபோர்ட் தட்டலை உள்ளே அனுப்பலாம். அந்தப் பக்கம் இருக்கிற சாஃப்ட்வேருக்கு அது நிஜ விரலா, பொய் விரலான்னு பெரும்பாலும் தெரியாது.

நானும் ஆட்டோஹாட்கீ கத்துக்கிட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நாற்பது வரி இருக்கும். இன்வாய்ஸ் எண் அடி, என்டர், ரெண்டு செகண்ட் பொறு, பிரின்ட், பேர் அடி, என்டர், மூடு, அடுத்தது. அக்கா மூணு நாள் ராத்திரி பண்ற வேலை ஒரு மதியத்துல முடிஞ்சுது. அந்த மாசக் கடைசியில அக்கா ஆறரை மணி பஸ்ஸைப் பிடிச்சாங்க. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை இருக்கே, சொல்ல முடியாது.

நாலு மாசம் நல்லா ஓடுச்சு. அஞ்சாவது மாசம், ஸ்கிரிப்டை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனேன்.

நான் இல்லாத அந்த நேரத்துல ஆன்டிவைரஸ் ஒரு சின்னப் பெட்டியை மேலே கொண்டுவந்தது. ஸ்கிரிப்ட் அனுப்பின பிரின்ட் கட்டளை அந்தப் பெட்டிக்குப் போயிருச்சு, அதனால பிடிஎஃப் பேர் கேட்கிற ஜன்னல் வரவே இல்ல. கொஞ்ச நேரத்துல அந்தப் பெட்டி தானா மறைஞ்சுது. ஸ்கிரிப்டுக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்குப் பேரை அடிச்சுது, அந்த எழுத்துகள் பில்லிங் ஜன்னல் மேலேயே விழுந்தது. அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல ஒத்தை எழுத்துதான் ஷார்ட்கட். ஒரு எழுத்துக்கு 'கேன்சல்'னு அர்த்தம். உடனே "இந்த இன்வாய்ஸை ரத்து செய்யவா?"ன்னு ஒரு பெட்டி கேட்டுச்சு. ஸ்கிரிப்ட் அடுத்த வரியில இருந்த என்டரை அமுக்குச்சு.

மூணு இன்வாய்ஸ் ரத்து. அதுல ஒண்ணோட சரக்கு ஏற்கெனவே வண்டியில ஏறிக் கிளம்பியாச்சு. மறுநாள் காலையில டிரைவர் அண்ணன் போன் பண்ணார், பாதி கன்னடம், பாதி தமிழ். "சார், பில் நம்பர் சிஸ்டத்துல இல்லன்னு கேட்ல நிறுத்திட்டாங்க." பதினொரு மணி வரைக்கும் அங்கேயே நின்னார். அன்னைக்கு அவருக்கு அடுத்த லோடு போச்சு. அந்த நஷ்டம் என் சம்பளத்துல பிடிக்கல, அவர் வாடகையிலதான் போச்சு.

இங்கதான் பவர் பிரஸ். "நிச்சயமா ரத்து செய்யவா?"ங்கிற பெட்டி ரெண்டாவது பட்டன். ஒரு மனுஷன் ஒரு நொடி நின்னு யோசிக்கணும்னு வெச்சது. என் ஸ்கிரிப்ட் அதுக்கு மேல ஒட்டின டேப்.

யோசிச்சுப் பார்த்தா பிரச்சினை வேகத்துல இல்ல, பதில்லதான் இருக்கு. கமாண்ட் லைன்ல ஒரு வேலை கொடுத்தா, முடிஞ்சுதா இல்லையான்னு ஒரு எண் திரும்பி வரும். டாலிக்கு எக்ஸ்எம்எல் அனுப்பினா பதில் வரும். ஆனா ஒரு கிளிக்? கிளிக் பதில் சொல்லாது. காத்துல அமுக்கினாலும் அமுக்கினதுதான். மனுஷன் கிளிக் பண்ணா, அவர் கண் பதிலைப் பார்க்குது. கையை மட்டும் மெஷினுக்குக் கொடுத்துட்டு, கண்ணைக் கொடுக்க மறந்துட்டேன்.

அப்போ கண்ணை எங்கே வாங்கலாம்? இந்த வரலாற்றுல எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

பார்வையில்லாதவங்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்தணும்னா, திரையில என்ன இருக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் வாசிச்சுச் சொல்லணும். படமா இருக்கிற பட்டனை வாசிக்க முடியாது. அதனால ஒவ்வொரு சாஃப்ட்வேரும் "இது பட்டன், இதோட பேர் சேவ், இது இப்ப அமுக்க முடியாத நிலையில இருக்கு"ன்னு வெளியே சொல்லித் தர்ற ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. விண்டோஸ்ல 1997-ல இதுக்கான முதல் ஏற்பாடு வந்தது. லினக்ஸ்ல க்னோம் திட்டம் தன் ஏற்பாட்டைக் கட்டியது. 2006-ல ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத மைக்கேல் கரன் தொடங்கின என்விடிஏ, இந்த ஏற்பாடுகளை நம்பித்தான் திரையை வாசிக்குது. இன்னைக்கு அது இலவசமா கிடைக்குது, தமிழையும் வாசிக்கும்.

இந்தக் கதவு வழியா ஆட்டோமேஷனும் உள்ளே வந்தது. "திரையில 400, 220-ங்கிற புள்ளியில கிளிக் பண்ணு"ன்னு சொல்லாம, "சேவ்ங்கிற பட்டனைத் தேடு, இருந்தா அமுக்கு, இல்லன்னா நின்னுடு"ன்னு சொல்ல முடிஞ்சுது. ஒருத்தரோட தேவைக்காக நியாயமா வெச்ச சாய்தளம், எல்லாருக்கும் வழியாகிடுச்சு. பட்டனுக்குப் பேர் வைக்காம விடுற டெவலப்பர் நண்பர்களே, நீங்க ரெண்டு பேரை வெளியே நிறுத்துறீங்க.

அதே சமயம் ஒரு கதவு மூடவும் செய்தது. லினக்ஸ்ல எக்ஸுக்குப் பதிலா 2008-ல தொடங்கின வேலண்ட் வந்தப்போ, எக்ஸ்டூடூல் பழைய மாதிரி வேலை செய்யல. பல பேர் கோபப்பட்டாங்க. ஆனா காரணம் நியாயம். எந்த புரோகிராமும் எந்த ஜன்னலுக்குள்ளயும் பொய் விரலை நீட்டலாம்னா, திருட்டு புரோகிராமும் நீட்டும். உங்க பாஸ்வேர்டை ஒட்டுக் கேட்கும். அதனால இப்ப அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரணும்.

இப்ப எல்லையைத் தாண்டுவோம். ஓசூர்ல இருந்து அதே நெடுஞ்சாலையில பெங்களூரு போற வழியில எலக்ட்ரானிக் சிட்டி. 1978-ல கியோனிக்ஸ் உருவாக்கினது, ஆர்.கே.பாலிகாவோட கனவு. ஓசூர்ல வீடு எடுத்து தினமும் அங்க போய் வர்றவங்க உங்கள்ல சிலர் இருப்பீங்க. நான் அக்கவுண்ட்ஸ்ல நாற்பது வரியில பண்ணதை, அந்தப் பக்கம் பெரிய அளவுல ஆர்பிஏ-ன்னு பண்றாங்க. 'ரோபோ'ன்னு பேர், ஆனா இரும்பு கிடையாது, ஒரு திரையைப் பார்த்து இன்னொரு திரையில அடிக்கிற மென்பொருள். 2001-ல இங்கிலாந்துல ப்ளூ பிரிசம், 2005-ல ருமேனியாவின் புகாரெஸ்டில் பின்னாளில் யூஐபாத் ஆன கம்பெனி. ஏன் இதுக்கு இவ்வளவு கிராக்கி? உலகம் முழுக்க எங்க பில்லிங் சாஃப்ட்வேர் மாதிரி வாசல் இல்லாத பழைய ஜன்னல்கள் அவ்வளவு இருக்கு. மாத்த செலவாகும், அதனால பொய் விரல்.

2017 ஜனவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனமே சொன்னது: முந்தைய ஓராண்டில் ஆட்டோமேஷனால் சுமார் 8,000 முதல் 9,000 பேர் கீழ்நிலை வேலைகளில் இருந்து விடுவிக்கப்பட்டார்கள், அவர்கள் வேறு மேம்பட்ட பணிகளுக்கு மாற்றப்பட்டார்கள் என்று. பெரிய கம்பெனியில மாத்திவிட இன்னொரு நாற்காலி இருக்கும். சிப்காட்ல ஒரு சின்ன ஆபீஸ்ல?

அக்காகிட்ட திரும்ப வரேன். அந்த மூணு இன்வாய்ஸுக்கு அப்புறம் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போடச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அக்கா ஒத்துக்கல. "தூக்கிப் போட்டா நான் மறுபடி ஒன்பது மணி பஸ்ஸா? அதை ஒழுங்கா எழுது"ன்னாங்க. எங்கெங்க நிக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க, ஏன்னா எங்கெங்க தப்பு வரும்னு அவங்க கைக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி எந்த ஜன்னல் முன்னாடி இருக்குன்னு பார்க்க வெச்சேன். தெரியாத பெட்டி வந்தா எதையும் அமுக்காம நின்னு சத்தம் போடச் சொன்னேன். கடைசியில எத்தனை இன்வாய்ஸ், எத்தனை பிடிஎஃப்னு எண்ணிப் பார்க்கிற வரி அக்கா சேர்க்கச் சொன்னது. நான் கிளம்பும்போது அவங்களே அதை ஓட்டக் கத்துக்கிட்டாங்க.

அடுத்த வருஷம் விசாரிச்சேன். மூணு பேர் இருந்த டெஸ்க்ல ஒருத்தர்தான் இருக்காங்க, அது அக்கா. மத்த ரெண்டு பேரோட கான்ட்ராக்ட் புதுப்பிக்கல. ஸ்கிரிப்ட் மட்டும்தான் காரணம்னு யாரும் சொல்லல. ஆனா நான் இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

இந்த ரெண்டும் சேர்ந்துதான் இந்த வரலாறு. ஒருத்தங்க சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, ரெண்டு பேர் வேற வேலை தேடிப் போனாங்க. அதனால இந்த எபிசோடைக் கேட்டுட்டு நாளைக்கே நீங்க ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தா, முதல்ல வாசல் இருக்கான்னு தேடுங்க. கமாண்ட் லைன், போர்ட், ஹெட்லெஸ், எதாவது பதில் சொல்ற வழி. அது இல்லன்னா பட்டனைப் பேர் சொல்லிக் கூப்பிடுற வழி. புள்ளியைப் பார்த்துக் குருட்டாம்போக்குல கிளிக் பண்றது கடைசி வழி. எந்த வழியில போனாலும் "நிச்சயமா?"ன்னு கேட்கிற பெட்டி மேல டேப் ஒட்டாதீங்க. முக்கியமா, இப்ப அந்த வேலையைக் கையால பண்றவங்க பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதுங்க.

நான் இப்பவும் ஸ்கிரிப்டை ஓட விட்டுட்டு டீக்குப் போறதில்ல. டீயை டேபிளுக்கு வரவெச்சுக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.